டிஸ்க் நம் கையில், சாவி அவர்கள் கையில்

நியூயார்க்கில் காரைக் கிளப்பி, மலை, பாலைவனம், பனிக்காடு எல்லாம் தாண்டி லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரை வரை ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போகலாம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கித் தந்த கேம் 'தி க்ரூ'. பிரான்ஸைச் சேர்ந்த யுபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு கோடிப் பேருக்கு மேல் அதை ஆடியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அன்றோடு கேம் முடிந்தது.

முடிந்தது மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் பகுதி மட்டுமல்ல. ஒருவர் தனியாக ஆடும் கதைப் பகுதியும் சேர்ந்தே போய்விட்டது. கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் ஒரு கீறல்கூட இல்லாமல் பெட்டிக்குள் இருக்கிறது. பிளேஸ்டேஷனில் போட்டால் சுழல்கிறது. கேம் சர்வரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்கிறது, முதல் திரையிலேயே நின்றுவிடுகிறது. டவுன்லோடு முறையில் வாங்கியவர்கள் பலருக்கு அடுத்த சில நாட்களில் இன்னோர் அதிர்ச்சி: அவர்கள் கணக்கில் இருந்த கேமின் உரிமமே ரத்து செய்யப்பட்டிருந்தது.

கேம் ஆடுகிறவர்களிடையே ஓர் அறிவுரை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. டிஸ்க்காக வாங்கினால் சொந்தம். டவுன்லோடு செய்தால் என்றைக்கு வேண்டுமானாலும் பறிபோகும். பெருமளவுக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் 'தி க்ரூ' விஷயத்தில் டிஸ்க் வாங்கியவரும் டவுன்லோடு செய்தவரும் ஒரே நாளில் ஒரே நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வியைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய கேம், திறக்கும்போது யாரிடம் அனுமதி கேட்கிறது? யாரையும் கேட்காமல் திறந்தால் அது நம்முடையது. கேட்டுத்தான் திறக்கும் என்றால், கேட்கப்படுகிறவர் இருக்கும்வரைதான், அவருக்கு மனம் இருக்கும்வரைதான் அது நம்மிடம் இருக்கும்.

பூட்டு வந்த வழி

நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு கேம் தொழிலின் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஜோர்டான் மெக்னர் உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' 1989-ல் வந்தது. முதல் கட்டத்தைத் தாண்டியதும் ஓர் அறை. தரையில் மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்கச் சொல்லும். மாற்றிக் குடித்தால் இளவரசன் செத்தான். ஃப்ளாப்பியை நகலெடுத்தவரிடம் அச்சிட்ட கையேடு இருக்காது என்பது கணக்கு. 1990-களில் தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் சென்டர்களில் இந்த கேமை ஆடித் தீர்த்தவர்களில் அந்தக் கையேட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பூட்டை நான் குறை சொல்ல மாட்டேன். கையேடு அலமாரியில் இருக்கும்வரை கேம் திறக்கும். வெளியிட்ட பிராடர்பண்ட் நிறுவனம் 1998-ல் வேறு கைக்குப் போனது. அதனால் பெட்டியோடு வாங்கி வைத்திருந்தவருக்கு எந்த நஷ்டமும் வரவில்லை. பூட்டும் சாவியும் ஒரே பெட்டிக்குள் வந்தன, அவ்வளவுதான்.

சோனி தயாரித்த முதல் பிளேஸ்டேஷனின் பூட்டு இதைவிட நுட்பமானது. அதன் டிஸ்க்குகளின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். நகலெடுக்க முடியாததற்கு அந்தக் கறுப்புதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். உண்மையான பூட்டு கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க்கின் உள்விளிம்பில், தகவல் தொடங்குவதற்கு முன்பாக, சுழல்தடத்தை மிக மெல்லிய அளவில் அலைபோல நெளியவிட்டிருந்தார்கள். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருந்தது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பகுதிக்கு ஒன்று. வீட்டுக் கம்ப்யூட்டரின் சிடி ரைட்டரால் தகவலை எழுத முடியுமே தவிர, தடத்தை நெளிய வைக்க முடியாது. அதனால் நகல் சிடியை இயந்திரம் ஏற்காது.

பிறகு சிப் வந்தது. இயந்திரத்தைத் திறந்து சின்னதாக ஒரு சிப்பைச் சால்டர் வைத்துவிட்டால், டிஸ்க்கில் இல்லாத அந்தக் குறியீட்டைச் சிப்பே சொல்லிவிடும். சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் 'சிப் போட்டதா?' என்று கேட்டு வாங்கியவர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள். திருட்டு சிடிக்காகத்தான் பெரும்பாலோர் சிப் போட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானில் காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை வேறு நாட்டு இயந்திரத்தில் ஆடவும் அதே சிப்தான் தேவைப்பட்டது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005-ல், சிப் விற்ற ஒருவர் மீது சோனி தொடுத்த வழக்கில் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த நாட்டின் அன்றைய சட்டம் சொன்ன 'பாதுகாப்பு ஏற்பாடு' என்பதற்குள் இந்தப் பூட்டு அடங்காது என்றது.

இதற்கெல்லாம் மேலாக நான் சொல்ல விரும்புவது 'சேஃப்டிஸ்க்' கதையை. 2000-களின் முதல் பாதியில் வந்த நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் கேம்களில் இந்தப் பூட்டு இருந்தது. டிஸ்க்கில் வேண்டுமென்றே சில பகுதிகளைப் படிக்க முடியாதபடி பழுதாக்கி வைத்திருப்பார்கள். அசல் டிஸ்க்கில் அந்தப் பழுது இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கேம் திறக்கும். சோதிக்கும் வேலையை விண்டோஸின் அடித்தளத்துக்குள் உட்கார்ந்திருந்த ஒரு சிறு மென்பொருள் செய்தது. அந்த இடத்தில் இருக்கும் எதற்கும் கம்ப்யூட்டர் முழுவதும் திறந்த வீடு. அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. விண்டோஸ் 10-ல் அதைச் சேர்க்கவே இல்லை. பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் வழியாக முடக்கியது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரியான காரியம். ஆனால் அன்றிலிருந்து, கடையில் வாங்கிய அசல் டிஸ்க்கைப் போட்டால் கேம் திறக்கவில்லை. பூட்டை உடைத்துப் பரப்பிய கள்ள நகல் திறந்தது.

நேர்மையாக வாங்கியவருக்கு மட்டும் தண்டனை. கேம் பூட்டுகளின் நீண்ட வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2008-ல் 'ஸ்போர்' வந்தபோது, ஒருவர் வாங்கிய பிரதியை மூன்று கம்ப்யூட்டர்களில்தான் நிறுவி இயக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஐந்தாக்கினார்கள். அந்த ஆண்டு கள்ளத்தனமாக மிக அதிகம் டவுன்லோடு செய்யப்பட்ட கேம் எது என்று பட்டியல் போட்டபோது முதலிடத்தில் நின்றது அதே 'ஸ்போர்'.

கை மாறும் உரிமை

டிஸ்க்கின் பெருமை அதன் பளபளப்பில் இல்லை. ஆடி முடித்ததைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்கலாம். பாதி விலைக்கு விற்று, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்கலாம். இரண்டு நண்பர்கள் பங்கு போட்டு ஒரே டிஸ்க்கை வாங்கி ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். புது கேமின் விலை நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய் என்று ஏறிவிட்ட இந்தக் காலத்தில், நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தக் கைமாற்றால்தான் கேம் ஆடுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கடைகள் பிழைப்பதும் இதனால்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-லேயே ஒரு புத்தக வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒரு பிரதியை விற்ற பிறகு, வாங்கியவர் அதை என்ன விலைக்கு மறுபடி விற்கலாம் என்று பதிப்பாளர் கட்டளை போட முடியாது. டவுன்லோடு வந்தபோது இந்த உரிமை சத்தமில்லாமல் உதிர்ந்தது. விற்பது பிரதியை அல்ல, பயன்படுத்தும் அனுமதியைத்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். கிரயம் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, பத்திரத்தில் குத்தகை என்று எழுதுவதைப் போன்றது இது. குத்தகைக்காவது கால அளவு எழுதுவார்கள். டவுன்லோடாக கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒருவர் இருபது ஆண்டு சேர்த்த கேம்களை, அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பெயருக்கு மாற்ற அதன் விதிகளில் இடமில்லை.

ஐரோப்பாவில் இதை எதிர்த்துச் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். டவுன்லோடு செய்த மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் ஒரு வழக்கில் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பிரான்ஸின் நுகர்வோர் சங்கம் ஒன்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 2019-ல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றது. மேல்முறையீட்டில் 2022-ல் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. கேம் என்பது வெறும் மென்பொருள் அல்ல, இசையும் ஓவியமும் கதையும் சேர்ந்த படைப்பு, அதற்கு அந்த விதி பொருந்தாது என்றார்கள். கேமைக் கலைப் படைப்பாக மதிக்க வேண்டும் என்று நெடுநாள் போராடியவர்களுக்கு அந்த மதிப்பு இப்படி ஒரு விலையோடு கிடைத்தது.

டிஸ்க்குக்காக மக்கள் திரண்டு எழுந்து வென்ற கதையும் உண்டு. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் இயந்திரத்தை அறிவித்த மைக்ரோசாஃப்ட், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தொடர்புகொண்டால்தான் கேம் ஓடும், டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றது. ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பெரும் கேம் கண்காட்சியில், பிளேஸ்டேஷன் 4-க்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது என்று சோனி அறிவித்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. சோனி கூடவே ஒரு வீடியோவும் விட்டது. கேமை நண்பருடன் பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். வீடியோ அவ்வளவுதான். பத்தே நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் தன் முடிவைக் கைவிட்டது.

உள்ளே ஒன்றுமில்லாத டிஸ்க்

அந்த வெற்றி நிலைக்கவில்லை. டிஸ்க்கை ஒழிக்காமலேயே அதைக் காலியாக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமின் டிஸ்க்கில் இருந்தது 85 எம்பி. ப்ளூ-ரே டிஸ்க் ஒன்றில் ஒற்றை அடுக்கிலேயே 25 ஜிபி எழுதலாம். மிச்ச கேம் முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். அடுத்த மாதமே வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 இயந்திரத்துக்குச் சில கேம்கள் சாவி அட்டையாக மட்டும் விற்கப்படுகின்றன. அட்டைக்குள் கேம் இல்லை. டவுன்லோடு செய்யும் அனுமதி மட்டும் இருக்கிறது. ஆட ஒவ்வொரு முறையும் அட்டையைச் செருகியாக வேண்டும். அதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் நின்டெண்டோ தன் பழைய கடைகளை மூடும் பழக்கமுள்ள நிறுவனம். வீ இயந்திரத்தின் இணையக் கடை 2019-ல் மூடியது. 3டிஎஸ், வீ யூ இயந்திரங்களின் கடைகளில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றது.

டிஸ்க்கில் கேம் முழுசாக இருந்தாலும் இயந்திரம் கைவிடலாம். பிளேஸ்டேஷன் 4-க்குள் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பேட்டரி. அது தீர்ந்துபோனால் இயந்திரத்துக்கு நேரம் தெரியாது. சோனியின் சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். சர்வரும் இல்லையென்றால்? கேமுக்குள் பரிசுக் கோப்பைகள் வாங்கிய நேரத்தைப் பதியும் ஏற்பாடு குழம்பி, டிஸ்க் கேம்களையும் ஓடவிடாமல் செய்தது. பழைய கேம்களைப் பாதுகாப்பவர்கள் இதைச் சோதித்து வெளியே கொண்டுவந்து கத்தினார்கள். 2021 செப்டம்பரில் ஓர் அப்டேட்டில் சோனி இதைச் சரிசெய்தது. கோடிக்கணக்கான இயந்திரங்கள் ஒரு நாள் உயிரோடு செங்கல்லாகும் ஆபத்து, யாரோ சில ஆர்வலர்களின் பிடிவாதத்தால் நீங்கியது.

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் முறையாகக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. அந்தப் பழைய கேம்களையெல்லாம் டிஸ்க்கிலும் கேட்ரிட்ஜிலும் தேடிப் பிடித்தாவது ஆடலாம். சர்வரில் மட்டும் வாழ்ந்த கேம்களுக்கு அதுவும் இல்லை. ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி நூலகங்கள் பழைய கேம்களைத் தர அனுமதி வேண்டும் என்று கேம் பாதுகாவலர்கள் கேட்டார்கள்; அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

கொல்லாதீர்கள் என்ற கோரிக்கை

'தி க்ரூ' அணைந்த வாரத்திலேயே ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் ஓர் இயக்கம் தொடங்கினார். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று பெயர். அவர் கேட்டது எளிமையானது. சர்வரைக் காலம் முழுக்க நடத்தச் சொல்லவில்லை. நடத்த முடியாத நாள் வரும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஆடிக்கொள்ளும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் பத்து லட்சம் கையெழுத்துத் திரட்டினால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 3-ல் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள். மாதக் கடைசியில் கெடு முடிந்தபோது 14 லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருந்தது.

நிறுவனங்களின் தரப்பில் சொல்லப்படுபவை மூன்று. சர்வர் இல்லாமல் ஓடும்படி மாற்றுவதற்குப் பெரும் செலவாகும். ரசிகர்கள் சொந்தமாகச் சர்வர் நடத்தினால், அங்கே நடக்கும் தகவல் திருட்டுக்கும் தகாத பேச்சுக்கும் யார் பொறுப்பு? கார் நிறுவனங்களிடமும் இசை நிறுவனங்களிடமும் வாங்கிய உரிமம் ஒரு நாள் முடிந்துவிடும்.

முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயிரம் பேர் ஒரே உலகில் சுற்றும் கேமை ஒற்றை ஆளுக்கு மாற்றுவது சின்ன வேலை அல்ல. மூன்றாவது வாதம் நிற்காது. 'ஃபோர்ஸா ஹொரைசன் 3' என்ற கார் கேமும் உரிமம் முடிந்ததால் 2020-ல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். புதிதாக விற்பதை நிறுத்துவது வேறு, விற்றதைப் பறிப்பது வேறு. முதல் வாதத்துக்கு யுபிசாஃப்டே பதில் சொல்லிவிட்டது. கண்டனங்கள் வலுத்த பிறகு, 'தி க்ரூ 2' இணையம் இல்லாமலும் ஓடும்படி மாற்றப்படும் என்று 2024 செப்டம்பரில் அறிவித்து, அடுத்த ஆண்டு செய்தும் காட்டியது. முதல் 'தி க்ரூ'வுக்கு ரசிகர் குழு ஒன்று, நிறுவனத்தின் உதவி எதுவும் இல்லாமல், தானே மாற்றுச் சர்வர் எழுதி 2025-ல் கம்ப்யூட்டரில் ஓட வைத்துவிட்டது. சம்பளம் வாங்காதவர்களால் முடிந்தது, மூல நிரலைக் கையில் வைத்திருந்தவர்களால் முடியாதா?

கலிஃபோர்னியாவில் இரண்டு ஆட்டக்காரர்கள் யுபிசாஃப்ட் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் விற்றது அனுமதி மட்டுமே, அது பெட்டியிலேயே எழுதியிருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். வழக்குப் போட்டவர்கள் அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் காட்டினார்கள். உள்ளே இருந்த குறியீட்டின் காலாவதி ஆண்டு 2099 என்று அச்சாகியிருந்தது.

அதே மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியை மட்டும் விற்கும் இணையக் கடை, அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைக்கக் கூடாது. ஸ்டீம் இப்போது பணம் கட்டும் பக்கத்திலேயே இதை எழுதிவைக்கிறது. சொல்லிவிட்டுப் பறிப்பது சொல்லாமல் பறிப்பதைவிடக் கொஞ்சம் மேல். அதற்கு மேல் இந்தச் சட்டத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்கியவர் நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பிரதியைத் தருகிற கடைக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை.

அப்படி ஒரு கடை இருக்கிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி. திருட்டு சிடிகள் மலிந்த 1990-களின் வார்சா சந்தையில் அசல் கேம் விற்று வளர்ந்தவர்கள் அவர்கள். 1999-ல் 'பால்டர்ஸ் கேட்' கேமைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தபோது, ஐந்து சிடிகளோடு பழங்காலத் தோற்றத்தில் ஒரு வரைபடமும் விதிப் புத்தகமும் சேர்த்துப் பெட்டியாக விற்றார்கள். திருட்டு சிடிக்காரரால் கொடுக்க முடியாததைக் கொடுத்தால் மக்கள் அசலை வாங்குவார்கள் என்று கணித்தார்கள், அது பலித்தது. ஜிஓஜியில் விற்கும் கேம்களுக்குப் பூட்டு கிடையாது. கோப்பை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால், ஜிஓஜி நாளை மூடினாலும் கேம் ஓடும். இவர்களுடைய 'விட்சர் 3' கம்ப்யூட்டருக்கு 2015-ல் பூட்டே இல்லாமல் வந்தது. எல்லா இயந்திரங்களிலும் சேர்த்து ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. பூட்டு இல்லையென்றால் தொழில் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.

பூட்டு விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் பலர் நினைப்பதைவிட நல்லது. முறைப்படி ஒரு மென்பொருளை வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாகத் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்வதைக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு அனுமதிக்கிறது. 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் அது குற்றம். அமெரிக்கச் சட்டம் இப்படி நோக்கத்தைக் கேட்பதில்லை. உடைப்பதையே குற்றமாக்கிவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சில விலக்குகளை மட்டும் அனுமதிக்கிறது.

குறை இருப்பது நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில். இணையக் கடைகளின் ஏமாற்று உத்திகள் என்று 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரம், சொல்லாமல் கூடையில் சேர்க்கும் பொருள், கடைசி நிமிடத்தில் ஏறும் விலை எல்லாம் அதில் இருக்கின்றன. விற்றதைப் பிறகு பறிப்பதற்கு அதில் தனி இடமில்லை. ரூபாயில் விலை போட்டு இங்கே கேம் விற்கிற ஒவ்வொரு கடையும், இந்த கேம் சர்வர் இல்லாமல் ஓடுமா, ஓடாதென்றால் குறைந்தது எந்த ஆண்டு வரை சர்வர் இருக்கும் என்று பணம் வாங்கும் முன்பே எழுத வேண்டும் என அந்தப் பட்டியலில் பதினான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.